மிசிசிப்பி பிறக்கும் ஏரி

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் வடக்கே, மினசோட்டா மாநிலத்தில் இடாஸ்கா என்று ஓர் ஏரி. அதன் வடகோடியில் குறுக்கே ஒரு வரிசைக் கற்கள் கிடக்கின்றன. கல்லுக்கு அந்தப் பக்கம் ஏரி, இந்தப் பக்கம் மிசிசிப்பி ஆறு. 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக் கடலில் கலக்கும் ஆறு, இங்கே முழங்காலளவுதான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நடந்தே அக்கரை போய்விடுகிறார்கள். கல்லில் பாசி வழுக்கும், கவனம்.

இந்தப் பகுதியின் பழங்குடிகளான ஓஜிப்வே மக்கள் இதை எல்க் மான் ஏரி என்றுதான் சொல்லிவந்தார்கள். 1832இல் அவர்களுடைய தலைவர் ஒசாவிண்டிப் வழிகாட்ட, ஆற்றின் தோற்றுவாயைத் தேடிய அமெரிக்கர் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் இங்கு வந்துசேர்ந்தார். 'உண்மை', 'தலை' என்ற இரண்டு லத்தீன் சொற்களை ஒட்டி, முன்னும் பின்னும் வெட்டி, இடாஸ்கா என்று பெயர் வைத்தார். வழிகாட்டியவரின் பெயரை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. எனக்கு அது பெரிய குறை.

என்னை இந்த ஏரிக்குத் திரும்பத் திரும்ப இழுப்பது லூன் என்ற பறவை. நம் குளத்து முக்குளிப்பானை வாத்தைவிடப் பெரிதாக்கி, கறுப்பு முதுகில் வெள்ளைக் கட்டம் போட்டு, சிவப்புக் கண் வைத்தால் அதுதான் லூன். பெரும்பாலான பறவைகளின் எலும்பு உள்ளே பொள்ளலாக இருக்கும். இதற்குப் பல எலும்புகள் கெட்டி. அதனால் ஓசைப்படாமல் அமிழ்ந்துபோகும். ஆனால் பறந்தெழ, நீர்மேல் நெடுந்தூரம் படபடவென்று ஓட வேண்டும். குஞ்சுகள் தாய் தகப்பன் முதுகில் ஏறிச் சவாரி செய்யும். இருட்டியபின் அது ஒரு குரல் கொடுக்கும், ஓநாய் ஊளையைப் போல நீளமாக. அக்கரையிலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். கூடாரத்தில் படுத்திருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

தீனி அரைபட லூன் கூழாங்கல் விழுங்கும். தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டும் அதற்குக் கல்தான். ஒரே ஒரு குண்டு போதும், ஈய நஞ்சேறிச் செத்துவிடும். மீன் பிடிக்கப் போகிறவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், தகரக் குண்டோ எஃகுக் குண்டோ வாங்குங்கள்.

கோடையில் துடுப்புப் படகும் சைக்கிளும். பனிக்காலத்தில் ஏரி உறைந்துவிடும், காட்டுவழியில் பனிச்சறுக்கு.

இது மனிதக் கை படாத இடம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கல்வரிசையே 1930களில், வேலையற்ற இளைஞர்களுக்காக அரசு அமைத்த படை அடுக்கியது. 1891இல் இது மாநிலப் பூங்கா ஆன பிறகும் மரம் வெட்டுவது நிற்கவில்லை. 1903இல் பூங்காப் பொறுப்பிலிருந்த மேரி கிப்ஸுக்கு வயது 24. மரக்காரர்கள் கட்டிய அணையால் ஏரி ஏறிக் கரை மரங்கள் நீரில் நின்றன. மதகைத் திறக்கச் சொல்லி அவர் போனார். துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார்கள். அவர் பணியவில்லை.

இன்றைய சண்டை மான்களோடு. பனிக்காலத்தில் வேறு தீனி இல்லாமல், இளம் வெள்ளைப் பைன் கன்றின் நுனிக்குருத்தைக் கடித்துவிடும். அதோடு கன்றின் வளர்த்தி நின்றுபோகும். அதனால் இலையுதிர்காலத்தில் ஒவ்வொரு கன்றாகக் குனிந்து, குருத்தைச் சுற்றித் துண்டுத்தாளை மடித்து ஸ்டேப்ளர் பின் அடிப்பார்கள். முதல் பனி விழும்போது காட்டுக்குள் போனால், முழங்கால் உயரக் கன்றுகள் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும்.