மூன்று குண்டு தவறியும் தங்கம்: அன்ஃபிசா ரெஸ்த்சோவா

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஒரே ஒருவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ரஷ்யாவின் அன்ஃபிசா ரெஸ்த்சோவா. பயத்லானில் குறி தப்பாமல் சுடுகிறவர்தான் ஜெயிப்பார் என்று நினைப்பவர்கள் இவரை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதுகில் மூன்றரை கிலோவுக்குக் குறையாத துப்பாக்கி. பனியில் ஸ்கீ ஓட்டி வந்து, மூச்சு வாங்க வாங்க நின்று, 50 மீட்டர் தள்ளி இருக்கும் ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது இலக்கு ஒரு எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். நின்று சுடும்போது அதைவிட நன்றாகப் பெரியது, ஆனால் அதுதான் கஷ்டம். நெஞ்சு அடித்துக்கொள்ளும் வேகத்தில் துப்பாக்கி முனை ஒரு இடத்தில் நிற்காது. ஸ்பிரிண்ட் என்பது படுத்து ஒரு தடவை, நின்று ஒரு தடவை சுடும் குறுகிய போட்டி. அதில் ஒரு குண்டு தவறினால் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. அதற்கே இருபது, இருபத்தைந்து வினாடி போய்விடும்.

சரி, அன்ஃபிசாவுக்கு வருவோம். இவர் முதலில் துப்பாக்கியே தொடாத கிராஸ் கன்ட்ரி ஸ்கீ வீராங்கனை. 1988 கால்கரி ஒலிம்பிக்கில் சோவியத் அணிக்காகத் தொடரோட்டத்தில் தங்கம், 20 கிலோமீட்டரில் வெள்ளி. அடுத்த வருடம் மூத்த மகள் தாரியா பிறந்தாள். அதற்குப் பிறகுதான் பயத்லானுக்கு மாறினார். ஒலிம்பிக் தங்கம் கையில் இருக்கும்போது, சின்ன வயதிலிருந்தே சுட்டுப் பழகியவர்களோடு போட்டி போடப் புது விளையாட்டுக்குப் போவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

1992 பிப்ரவரி 11. ஆல்பர்ட்வில் ஒலிம்பிக். பயத்லான் நடந்த இடம் பிரான்ஸின் லே சேசி. ஒலிம்பிக்கில் பெண்களுக்குப் பயத்லான் வைத்ததே அன்றைக்குத்தான் முதல் தடவை. சோவியத் யூனியன் கலைந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதனால் அன்ஃபிசாவும் அணியினரும் ஒருங்கிணைந்த அணி என்ற பெயரில், ஒலிம்பிக் கொடியின் கீழ் இறங்கினார்கள்.

7.5 கிலோமீட்டர் ஸ்பிரிண்ட். பத்துக் குண்டில் மூன்றைத் தவறவிட்டார் அன்ஃபிசா. மூன்று தண்டனைச் சுற்று, அதாவது ஒரு நிமிடத்துக்கும் மேல் நஷ்டம். வெள்ளி வாங்கிய ஜெர்மனியின் ஆன்ட்யே மிசர்ஸ்கியும், வெண்கலம் வாங்கிய எலெனா பெலோவாவும் தவறவிட்டது இரண்டிரண்டுதான். ஆனாலும் மிசர்ஸ்கியைவிட ஏறக்குறைய 16 வினாடி முன்னால் வந்து சேர்ந்தார்! கூடுதலாக ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து இந்த வித்தியாசம். பனியில் அவர் கால் எப்படி ஓடியிருக்க வேண்டும்!

குளிர்கால ஒலிம்பிக்கில் இரண்டு வெவ்வேறு விளையாட்டுகளில் தங்கம் வென்ற முதல் பெண் என்ற பெயரும் அன்றைக்கு அவருக்கு வந்தது.

அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 1991-92, 1992-93 என அடுத்தடுத்து இரண்டு சீசன் உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டம் இவருக்குத்தான். ஒரு நாள் அதிர்ஷ்டம் அடிக்கலாம், இரண்டு குளிர்காலம் முழுக்க அடிக்குமா? குண்டு தவறினால் எவ்வளவு நேரம் போகும், அதை ஓடிப் பிடிக்க முடியுமா என்ற கணக்கு அவருக்குக் காலிலேயே இருந்தது.

1994 லில்லிஹாமர் ஒலிம்பிக்கில் ரஷ்யாவின் பயத்லான் தொடரோட்ட அணிக்குக் கடைசி ஆளாக ஓடினார். இரண்டாவது வந்த ஜெர்மனி கிட்டத்தட்ட நான்கு நிமிடம் பின்னால்! அப்புறம் 1996இல் இன்னொரு மகள் கிறிஸ்தினா பிறந்தாள். அதோடு முடிந்தது என்று நினைத்தால், 1999இல் ஆஸ்திரியாவின் ராம்சாவில் பழைய கிராஸ் கன்ட்ரிக்கே திரும்பி வந்து, 34 வயதில், உலக சாம்பியன்ஷிப் தொடரோட்டத் தங்கம். எனக்கு ஆல்பர்ட்வில்லைவிட இதுதான் பெரிய விஷயம். பதினோரு வருட இடைவெளியில், அதே தூரம், இளம் பிள்ளைகளோடு ஓடி ஜெயிப்பது சாதாரணமில்லை.

தாரியா, கிறிஸ்தினா இருவருமே பயத்லானுக்கு வந்தார்கள். கிறிஸ்தினா 2022 பெய்ஜிங்கில் தொடரோட்ட வெள்ளி வாங்கினார். அப்போதும் ரஷ்யக் கொடி இல்லை, ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டி என்ற பெயரில்தான் அந்த அணி ஓடியது. அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். 2023 அக்டோபரில், 58 வயதில் அன்ஃபிசா காலமானார்.