திரில்லர் மறந்துபோகிறது, குடும்ப நாவல் ஓட மாட்டேன் என்கிறது: நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு நேயரின் சந்தேகத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கிப் படிக்கிறேன்.

"சைக்கலாஜிக்கல் திரில்லர் என்றால் எனக்கு உயிர். எடுத்தால் கீழே வைக்க மாட்டேன், ராத்திரி 2 மணி ஆகிவிடும். ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கொலை செய்தவன் பெயர்கூட ஞாபகம் இருக்காது. என் அக்கா குடும்ப நாவல்களாகப் படித்து அழுதுகொண்டிருப்பாள். அவள் கொடுத்த புத்தகங்களில் 50 பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. ஒரே ஒரு நாவலைக் கஷ்டப்பட்டு முடித்தேன், நாலு நாள் மனசே சரியில்லை. இந்த இரண்டு வகையையும் எப்படித்தான் படிப்பது? அப்புறம், கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அது தப்பா?"

சரி, முதலில் மறதி. உங்கள் ஞாபகசக்தியில் குறை ஒன்றும் இல்லை. 'யார் செய்தது' என்ற ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் ஓடுகிறீர்கள். அந்தக் கேள்விக்கு உதவாத வரிகளைக் கண் தாண்டிக்கொண்டே போகிறது. கதையில் மழை பெய்தால் ஒரு சொட்டு மேலே படாமல் அடுத்த பத்திக்குப் போய்விடுகிறீர்கள். பதில் கிடைத்ததும் கேள்வி தீர்ந்துவிடுகிறது, அதோடு ஒட்டியிருந்த பெயர், ஊர், வீடு எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. நிரப்பி முடித்த குறுக்கெழுத்துக் கட்டங்களை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

இந்த இடத்தில் சஸ்பென்ஸ் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் சொன்னது ஒன்று இருக்கிறது. பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ 1962-ல் அவரை நாள்கணக்கில் பேட்டி எடுத்தார். அதில் வருகிறது. இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று மேசைக்கு அடியிலிருந்து குண்டு வெடிக்கிறது. பார்ப்பவர்களுக்கு 15 விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே காட்சியில் குண்டு இருப்பதும், எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதும் நமக்கு முன்பே தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருவரும் அதே வெட்டிப் பேச்சைத்தான் பேசுகிறார்கள். ஆனால் நமக்கு 15 நிமிஷம் மூச்சு நிற்கிறது. முதலாவது அதிர்ச்சி, இரண்டாவதுதான் சஸ்பென்ஸ் என்கிறார் அவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் அக்காவின் புத்தகத்துக்குப் போகும்போது மறுபடியும் வேண்டும்.

சைக்கலாஜிக்கல் திரில்லரில் குண்டு மேசைக்கு அடியில் இருக்காது. கதை சொல்கிறவரின் வாக்கியத்துக்குள் இருக்கும். ஒரு உதாரணம் சொல்கிறேன், நானே கட்டியது. விசாரிக்க வந்தவர் கேட்கிறார்: "அன்று ராத்திரி நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" அவள் சொல்கிறாள்: "வீட்டில் ரொம்ப நேரம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள்." வேகமாகப் படிக்கிறவர் காதில் விழுவது என்ன? 'நான் வீட்டில்தான் இருந்தேன்.' அவள் அப்படிச் சொல்லவே இல்லை. விளக்கு எரிந்தது என்றுதான் சொன்னாள். தேர்ந்த எழுத்தாளர் பொய் சொல்ல மாட்டார். ஒன்றை விட்டுவிட்டுச் சொல்வார், மிச்சத்தை நம்மையே நிரப்பிக்கொள்ள விடுவார். ஏமாந்தது நம்முடைய அவசரத்தால்தான். இப்படிப்பட்ட கதைசொல்லிக்கு 'நம்பகமற்ற கதைசொல்லி' என்று பெயர். வேய்ன் பூத் என்ற அமெரிக்க விமர்சகர் 1961-ல் எழுதிய புத்தகத்திலிருந்து அது புழக்கத்துக்கு வந்தது. இதில் வேண்டுமென்றே மறைக்கிறவர்கள் உண்டு. தன்னையே ஏமாற்றிக்கொண்டு, தான் சொல்வது உண்மை என்றே நம்புகிறவர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது இரண்டாவது வகைதான், அவர்கள்மேல் கோபமே வராது.

இவர்களைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் சின்ன சோதனை: யாரும் கேட்காத விஷயத்துக்கு ஒருவர் விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் அங்கே நிறுத்திவிடுவேன். 'நான் கோபக்காரி கிடையாது, எல்லோருக்கும் தெரியும்' என்று ஒரு வரி வந்தால், யார் கேட்டது என்று யோசியுங்கள்.

மறதிக்கு மருந்து என்று கேட்டால் ஒன்றே ஒன்றுதான். கடைசிப் பக்கம் முடிந்ததும் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். மறுநாள் முதல் அத்தியாயத்தை மட்டும் திரும்பப் படியுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. முதல் தடவை கண்ணில் படாமல் போன வரி இப்போது எழுந்து நிற்கும். 'அடப்பாவி, இதை இங்கேயே சொல்லிவிட்டாயே' என்று ஒரு இடத்திலாவது தோன்ற வேண்டும். தோன்றினால் அந்த நாவல் உங்களை விட்டுப் போகாது. ஒரு இடத்தில்கூடத் தோன்றவில்லை என்றால், அதை மறந்ததில் நஷ்டம் எதுவும் இல்லை. வெறும் திருப்பத்துக்காகவே எழுதிய புத்தகம் அது. அப்படி நிறைய வருகின்றன.

ராத்திரி 2 மணி விஷயத்துக்கும் வழி இருக்கிறது. 'இந்த அத்தியாயம் முடிந்ததும் தூங்கிவிடலாம்' என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கேதான் மாட்டிக்கொள்கிறீர்கள். அத்தியாயத்தின் கடைசி வரியில்தான் எழுத்தாளர் தூண்டிலைப் போட்டிருப்பார். கதவு தட்டப்படும், போன் அடிக்கும், செத்தவன் கையெழுத்தில் கடிதம் வரும். அடுத்த அத்தியாயத்தில் இரண்டு மூன்று பக்கம் போங்கள். தட்டியது யார் என்று தெரிந்துவிடும், கதை கொஞ்சம் மூச்சு வாங்கும். அங்கே மூடிவையுங்கள். அத்தியாயத்தின் நடுவில் நிறுத்துவது ஒழுங்கீனம் மாதிரித் தெரியும். ஆனால் தூக்கம் வரும். நானும் ஒரு காலத்தில் நடு ராத்திரி புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாசல் தாழ்ப்பாளைப் போய் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தவன்தான்.

இனி குடும்ப நாவல். இதை உங்கள் அக்காவின் சாமான், திரில்லர் உங்கள் சாமான் என்று பிரித்து வைத்திருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் பிரிக்கத் தோன்றவில்லை. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று, உணர்ச்சிகள் வெளிப்படுவதைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறது. அச்சம் எதனால் வரும் என்று நாலு காரணம் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய், மிருகம், திருடன் வரைக்கும் யாரும் சொல்லிவிடுவார்கள். நாலாவதாக வரும் இறைக்கு உரையாசிரியர்கள் அரசனோடு தந்தையையும் ஆசிரியரையும் சேர்த்துச் சொல்கிறார்கள். பயத்தின் பட்டியலில் அப்பா இருக்கிறார் பாருங்கள். பழைய கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில் நாடகத்தைப் பற்றிச் சொல்லும்போது, எதிரி எதிரியைக் கொன்றால் அந்தச் செயலில் பெரிய இரக்கம் வராது, அண்ணன் தம்பிக்குள், தாய் பிள்ளைக்குள் நடந்தால்தான் நெஞ்சு பதறும் என்கிறார். 'கேஸ்லைட்டிங்' என்று இப்போது எல்லோரும் சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்கு மூலமே பேட்ரிக் ஹாமில்டன் 1938-ல் எழுதிய ஒரு நாடகம்தான். கணவன் மனைவிக்குத் தெரியாமல் மேல்மாடியில் விளக்கை ஏற்றுகிறான், கீழே அவள் அறையில் கேஸ் விளக்கு மங்குகிறது. அவள் அதைக் கண்ணால் பார்க்கிறாள். ஆனால் உனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளை நம்பவைக்கவே அவன் முயல்கிறான். இது திரில்லரா, குடும்பக் கதையா? நீங்களே சொல்லுங்கள்.

இன்னும் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு வீடு. அம்மா சாப்பாட்டு மேசையில் தட்டுகளை வைக்கிறாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வீட்டில் இருப்பது மூன்று பேர். மகள் பார்க்கிறாள். ஒன்றும் பேசாமல் நாலாவது தட்டை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைக்கிறாள். அப்பா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்கிறார். இவ்வளவுதான் காட்சி.

திரில்லர் எழுதுகிறவர் அந்த நாலாவது தட்டு யாருக்கு என்பதை 300 பக்கம் ஒளித்து வைப்பார். குடும்ப நாவல் எழுதுகிறவர் இரண்டாம் பக்கத்திலேயே சொல்லிவிடுவார்: மூத்த மகன் வீட்டை விட்டுப் போய் எட்டு வருஷம் ஆகிறது. நீங்கள் 'சரி, தெரிந்துவிட்டது, இனி என்ன இருக்கிறது' என்று மூடிவிடுகிறீர்கள். உங்கள் அக்கா அங்கேதான் நிமிர்ந்து உட்காருகிறாள். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மூன்று பேரும் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசுவார்கள், அடுத்த வாரக் கல்யாணத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஒவ்வொரு பேச்சிலும் அவன் பெயர் வந்துவிடுமோ என்று அவளுக்குப் பக்பக்கென்று இருக்கும். ஹிட்ச்காக் சொன்ன 15 நிமிஷம் இதுதான். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் அந்த 15 விநாடிக்காக.

அதனால் குடும்ப நாவலில் 'அடுத்து என்ன நடக்கும்' என்று தேடாதீர்கள். அந்தப் பெயரை முதலில் யார் சொல்லப்போகிறார்கள் என்று பாருங்கள். யார் யாரோடு நேராகப் பேசுவதில்லை? 'அப்பாவிடம் சொல்லிவிடு' என்று மூன்றாவது ஆள் வழியாகப் பேச்சு போகிறதா? அதைக் கவனிக்கத் தொடங்கினால் உங்கள் திரில்லர் மூளைக்கே நல்ல வேலை கிடைக்கும். முதல் 50 பக்கம் கஷ்டமாக இருப்பதற்கு இன்னொரு காரணம், ஆட்கள் கூட்டமாக வருவார்கள். பெரியப்பா யார், அவருடைய மச்சினன் யார் என்று குழம்பிவிடும். பக்கம் குறித்து வைக்கிற அட்டையின் பின்பக்கத்தில் ஒரு சின்ன வம்சப் படம் போட்டுக்கொள்ளுங்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

ஆனால் ஒன்று. குடும்ப நாவல் என்று பெயர் வைத்துக்கொண்டு வருவதெல்லாம் நல்ல நாவலும் கிடையாது. அத்தியாயத்துக்கு ஒரு வியாதி, ஒரு விபத்து, ஒரு சாவு என்று வரிசையாகக் கொடுத்து அழ வைக்கிற சரக்கும் உண்டு. வெங்காயம் உரித்தாலும் கண்ணீர் வரும். 100 பக்கம் போன பிறகும் யாருக்கு என்ன வேண்டும் என்றே தெரியவில்லை என்றால் தாராளமாக மூடிவிடுங்கள், அக்காவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நாலு நாள் மனசு சரியில்லை என்று எழுதியிருந்தீர்கள். எந்த நாவல் என்று சொல்லவில்லை, ஆனால் அது எங்கேயோ சொந்த வீட்டைத் தொட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். திரில்லரில் வரும் கொலைகாரனை நமக்குத் தெரியாது. நாவலில் வரும் அந்த அம்மாவை நமக்குத் தெரியும். அதனால் புத்தகத்தை மூடினாலும் அவள் அறையில் நடமாடிக்கொண்டிருப்பாள். இப்படிப்பட்ட நாவல்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் படிக்காதீர்கள். நடுவில் ஒரு நல்ல திரில்லரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் உங்களுக்கே நடந்த ஏதோ ஒன்று அப்படியே வந்து நிற்கிறது, தாங்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம். இதில் கௌரவப் பிரச்சினை எதுவும் இல்லை. அக்கா அழுது முடித்திருந்தால், அவளோடு அந்தக் கதையைப் பற்றிப் பேசிப் பாருங்கள். தனியாகச் சுமப்பதைவிட அது லேசாக இருக்கும்.

கடைசிச் சந்தேகம், கடைசிப் பக்கம். தப்பெல்லாம் இல்லை. 2011-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 12 சிறுகதைகள். சிலருக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிட்டார்கள், சிலருக்குச் சொல்லவில்லை. சராசரியாகப் பார்த்தால் முடிவு தெரிந்தவர்கள்தான் கொஞ்சம் கூடுதலாக ரசித்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் சில இதற்கு மாறாகவும் சொல்லியிருக்கின்றன. தவிர, அவை சிறுகதைகள். 400 பக்கத் திரில்லருக்கு அதே கணக்கு ஓடுமா என்பது எனக்குச் சந்தேகம்தான். என் வழக்கம், திரில்லர் என்றால் முதல் தடவை முடிவைப் பார்க்க மாட்டேன். குடும்ப நாவல் என்றால் பார்த்தாலும் கவலைப்பட மாட்டேன்.

இதில் எனக்கே நடந்தது ஒன்று. நூலகத்திலிருந்து ஒரு திரில்லர் எடுத்து வந்திருந்தேன். நாற்பதாவது பக்கம் வாக்கில் ஒரு டாக்டர் வருகிறார். அவர் பெயருக்குக் கீழே யாரோ பென்சிலில் கோடு போட்டு, ஓரத்தில் 'இவன்தான்' என்று எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சரி, போனது போகட்டும் என்று தொடர்ந்து படித்தேன். அந்த டாக்டர் கையைக் கழுவினால் சந்தேகம், சிரித்தால் சந்தேகம், குழந்தைக்கு ஊசி போட்டால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. புத்தகம் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி அத்தியாயம் வந்தது. டாக்டர் அப்பாவி! வேறு யாரோ செய்திருக்கிறார்கள். பென்சில்காரர் பாதியில் ஊகித்து எழுதினாரா, வேண்டுமென்றே விளையாடினாரா, இன்றுவரை தெரியவில்லை. திருப்பிக் கொடுக்கும் முன்னால் அதை அழிக்கலாம் என்று ரப்பரைக் கையில் எடுத்தேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அழிக்காமலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.