641 என்ற வகுத்தி

நேயர்களுக்கு வணக்கம். இன்று ஒரே ஓர் எண்ணைப் பற்றிப் பேசப்போகிறேன். பக்கத்தில் தாளும் பேனாவும் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்: 4294967297. அதாவது நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு.

2ஐ 32 முறை பெருக்கி 1ஐக் கூட்டினால் இந்த எண் வரும். இதே வகையில், அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போனால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள், அதாவது 1ஆலும் தம்மாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடுபவை. இதைக் கண்ட ஃபெர்மா, பிரான்சின் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பணியாற்றியவர், இந்த வரிசை முழுக்கப் பகா எண்கள்தான் என்று நம்பி 1640இல் கடிதங்களில் எழுதினார். நிரூபணம் தன்னிடம் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் 1729இல் இந்தக் கேள்வியை இன்னொரு கணித அறிஞரான ஆய்லரிடம் கொண்டுசேர்த்தார். 1732இல், தன் 25ஆம் வயதில், ஆய்லர் விடை சொன்னார்: இது பகா எண் அல்ல, 641ஆல் மீதியில்லாமல் வகுபடும். ஈவு 6700417.

எப்படிக் கண்டுபிடித்தார்? கண்ணை மூடிக்கொண்டு வகுப்பதென்றால், 65536 வரையுள்ள 6542 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் இந்த எண்ணுக்கு ஒரு பகா வகுத்தி இருந்தால், அதை 64ஆல் வகுக்கும்போது மீதி கட்டாயம் 1 வர வேண்டும். இந்த விளக்கத்தை ஆய்லர் பின்னாளில்தான் எழுதினார். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எடுங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே ஆள் அகப்பட்டுவிட்டது! கணக்கில் எனக்கு மிகப் பிடித்த இடங்களில் இது ஒன்று. எங்கே தேட வேண்டியதில்லை என்று தெரிவது எவ்வளவு பெரிய அறிவு, பாருங்கள்.

இதில் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. அந்த விதிக்கு அடிப்படையான தேற்றத்தை அதே 1640இல் எழுதியவர் ஃபெர்மாவேதான். கருவி அவர் கையிலேயே இருந்தது.

சரி, வகுக்காமலே சரிபார்க்கலாமா? 641 என்பது 640உடன் 1. 640 என்பது 5ஐ 2இன் ஏழாம் அடுக்கால் பெருக்கியது. ஆகவே அந்தப் பெருக்கலை 641ஆல் வகுத்தால் மீதி கழித்தல் 1, அதாவது 641இன் மடங்குக்கு ஒன்று குறைவு. அதன் நான்காம் அடுக்குக்கு மீதி 1. அதாவது 625ஐ 2இன் 28ஆம் அடுக்கால் பெருக்கினால் மீதி 1. ஆனால் 641 என்பது 625உடன் 16. எனவே 625க்குப் பதில் கழித்தல் 16ஐப் போடலாம். 16 என்பது 2இன் நான்காம் அடுக்கு. அப்படியானால் 2இன் 32ஆம் அடுக்குக்கு மீதி கழித்தல் 1. அதோடு 1ஐக் கூட்டுங்கள், மீதி பூஜ்யம். முடிந்தது. பெரிய எண்ணை எழுதவே வேண்டியிருக்கவில்லை.

அப்புறம், இந்த எண்ணில் தொடங்கி வரிசையில் அடுத்தடுத்த 28 எண்களும் பகா எண்கள் அல்ல என்று இப்போது தெரியும். அவற்றில் ஒன்று 2இன் அடுக்கு 16777216 ஆக வருவது. அது பகு எண் என்று 1999இல் கணினி வழியே நிறுவினார்கள். அதன் ஒரு வகுத்திகூட இன்னும் கிடைக்கவில்லை. அந்த 28ஐயும் தாண்டி வரும் எண்ணுக்கு 258 கோடி இலக்கங்களுக்கு மேல். அது பகா எண்ணா, இல்லையா என்பதே இன்னும் முடிவாகவில்லை.