1838ல் பாரீஸ் போன ஐந்து தேவதாசிகளும் கோயம்புத்தூர் வள்ளி கும்மியும்

வணக்கமுங்க. 1838ல் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஐந்து தேவதாசிகள், கூடவே மூன்று இசைக்காரர்கள், கப்பலேறி பாரீஸ் போனார்கள். சூயஸ் கால்வாய்கூட வெட்டாத காலம். அமனி என்ற பெண்ணின் ஆட்டத்தைப் பார்த்துச் சொக்கிப்போன தியோஃபில் கோத்தியே என்ற பிரெஞ்சு எழுத்தாளர் பத்திரிகையில் எழுதித் தள்ளிவிட்டார். அவளுக்குச் சிலையே செய்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கும், வள்ளி முருகன் கதையைப் பாடிக் கை தட்டி ஆடுகிற நம்ம ஊர் வள்ளி கும்மிக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. கடைசிவரை பாருங்கள், நடுவில் ஒரு வில்லங்கமும் வருகிறது.

(திரையில்: சென்னை, பெங்களூரு மேடைகள், வேகமாக)

முன்கதையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். சமகால நடனம் என்றால் மரபு ஆட்டத்தின் உடல்மொழியை எடுத்து இன்றைய கேள்விகளைக் கேட்பது. சென்னையில் நடனக் கலைஞர் சந்திரலேகா 1985ல் 'அங்கிகா' என்ற படைப்பில் பரதத்தோடு களரிச் சண்டைக் கலையையும் யோகாவையும் சேர்த்தார். பெங்களூருவில் ஆட்டக்களரி என்ற சமகால நடன மையம் 1992ல் தொடங்கியது. சரி, போதும். லண்டனுக்குப் போவோம்.

சென்னையில் பிறந்த ஷோபனா ஜெயசிங் 1988ல் லண்டனில் தன் நடனக் குழுவைத் தொடங்கினார். அவருடைய 2015ஆம் ஆண்டுப் படைப்பு ஒன்று 'லா பயதேர்' என்ற பாலேயைக் கையில் எடுத்தது. அந்த பாலே 1877ல் ரஷ்யாவில் மேடையேறியது. நாயகி இந்தியக் கோயில் நடனக்காரி, காதலன் போர்வீரன், பூக்கூடைக்குள் பாம்பு. அமைத்தவர் மரியஸ் பெட்டிபா. மனுசன் இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை! நேரில் வராத கல்யாணத்துக்கு ஒருத்தர் ஆல்பம் போட்டுக் கொடுத்த மாதிரி இருக்கும் அந்த இந்தியா. கோயில் நடனக்காரி குட்டைப் பாவாடையில் கால் நுனியில் நிற்பாள். சிரிப்பு வருகிறதா? ஷோபனாவின் மேடையிலும் அதே சிரிப்புதான் ஆரம்பம். லண்டனில் இருக்கும் ஒரு இந்திய இளைஞன் இந்த பாலேயைப் பார்த்துவிட்டுக் கிண்டலாக எழுதுகிறான். அப்புறம் மெல்ல மெல்ல அவனையே எல்லாரும் அந்த நடனக்காரி வேடத்துக்குள் இழுத்துவிடுகிறார்கள். பின்னணியில் கோத்தியே அன்று தேவதாசிகளைப் பற்றி எழுதிய வார்த்தைகள். தோல், நகை, கண் என்று ஒரு பொருளைப் புரட்டிப் பார்ப்பது போன்ற வர்ணனை. 177 வருசம் கழித்து, பார்த்தவர்கள் பக்கம் டார்ச்சைத் திருப்பியிருக்கிறார் ஷோபனா. எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. பெரிய நகரத்தில் 'நீ யார்' என்று நம்மைக் கேட்பவர், பாதி நேரம் பதிலையும் கையிலேயே வைத்துக்கொண்டுதான் கேட்கிறார், இல்லைங்களா?

(திரையில்: கோயில் திடல், இரவு, ட்யூப்லைட் வெளிச்சம்)

இப்போது கோயம்புத்தூருக்கு வாங்க. வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கிய அம்மணிகள், காலேஜ் பிள்ளைகள், பேரன் பேத்தி எடுத்த ஆத்தாக்கள், எல்லாரும் ஒரே வரிசையில். ஆசிரியர் மைக்கைப் பிடித்து ஒரு அடி பாடுகிறார், ஜமாப் மேளம் முழங்குகிறது, வரிசை முழுக்க ஒன்றாகக் குனிந்து, கை தட்டி, திரும்புகிறது. யாராவது ஒருத்தர் எதிர்ப்பக்கம் திரும்பிப் பக்கத்து அக்காவை இடித்துவிட்டுச் சிரிப்பார், அது இல்லாமல் பயிற்சியே இல்லை. பயிற்சி முடிந்ததும் கோயிலில் ஒரே நிறச் சேலையில் அரங்கேற்றம், மறுநாள் காலை எல்லார் ஸ்டேட்டஸிலும் அதுதான்.

பார்ப்பவர்களுக்கு இது ஆதிகாலத்திலிருந்து இப்படியே இருந்தது என்று தோன்றும். கிடையாது. வள்ளி ஒயில் கும்மி ஆண்கள் ஆடிய ஆட்டம். மேட்டுப்பாளையம் பக்கத்து தாசம்பாளையம் பத்திரப்பன் அந்த வழக்கத்தை மீறிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார், பாட்டில் சமூக விஷயங்களையும் சேர்த்தார். அதற்காகவே 2024ல் பத்மஸ்ரீ. அதனால்தான் சொல்கிறேன், கொங்கு நாட்டின் சமகால நடனத்தைத் தேடி ஏசி அரங்கத்துக்குப் போக வேண்டாம், கோயில் திடலுக்குப் போங்கள். சிலர் கோபப்படுவீர்கள், கமெண்டில் சண்டை போடலாம்.

சரி, வில்லங்கத்துக்கு வருவோம். ஒரு கும்மி மேடையில், சொந்தச் சாதியில்தான் கல்யாணம் செய்துகொள்வோம் என்று பெண் பிள்ளைகளைச் சத்தியம் செய்ய வைத்த வீடியோ பரவிப் பெரிய சர்ச்சையானது. அந்தச் சத்தியத்துக்கு முன்னும் பின்னும் ஆடுகிற கதை எது? வள்ளி குறவர் தலைவன் நம்பிராசன் வீட்டில் வளர்ந்தவள், தினைப்புனம் காத்தவள். முருகன் வேடனாக வருகிறான், அவள் அப்பன் வந்ததும் வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான், அண்ணனை யானையாக வரச்சொல்லிப் பயமுறுத்துகிறான். கடைசியில் வீட்டுக்குத் தெரியாமல் இருவரும் கிளம்பிவிடுகிறார்கள். அப்பன் ஆளும் அம்பும் எடுத்துக்கொண்டு துரத்துகிறான்! இந்தக் கதைக்குக் கை தட்டிக்கொண்டே அந்தச் சத்தியத்தை எப்படிச் செய்ய முடியும் என்று எனக்குப் புரியவே இல்லை. வள்ளியைக் கேட்டிருந்தால் மேடையை விட்டு இறங்கிப் போயிருப்பாள்.

பாரீஸில் ஆடியவர்கள் ஐந்து பேர், அவர்களைப் பற்றி எழுதியவர்கள் வேறு ஆட்கள். நம் திடலில் ஆடுகிற பெண்கள் கையிலேயே போனும் இருக்கிறது. ஆனால் மைக் இன்னும் பல ஊர்களில் ஆசிரியர் கையில்தான். பெண் ஆசிரியர் மைக் பிடித்துப் பாடுகிற கும்மி உங்கள் ஊரில் இருந்தால் ஊர்ப் பேரோடு கமெண்டில் போடுங்கள், கேமராவோடு நேரில் வருகிறேன். நம்பிராசன் துரத்துகிற கட்டத்தை விடாமல் பாடுகிறார்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த வீடியோவில் பெருஞ்சலங்கையாட்டம். சப்ஸ்கிரைப் பண்ணாதவர்கள் பண்ணிவிடுங்க.