மட்டக்களப்புத் தயிருக்குள் நியூத்திரனை விட்டால் என்ன தெரியும்?

வணக்கம் உறவுகளே. படுவான்கரையில் வாங்கிய சட்டித் தயிரை இப்போது தலைகீழாகக் கவிழ்க்கிறேன். பாருங்கள், விழவில்லை! எருமைப்பாலில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். அவ்வளவு தண்ணீரையும் உள்ளே பிடித்து வைத்திருப்பது எது?

பின்னணியை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். பாலில் கேசீன் என்ற புரத உருண்டைகள் மிதக்கின்றன. சராசரிக் குறுக்களவு 100 முதல் 200 நனோமீற்றர். பால் புளிக்கப் புளிக்க அவை ஒன்றையொன்று தள்ளுவதை நிறுத்தி, ஒட்டி வலையாகின்றன. தண்ணீர் அதற்குள் சிக்கிக்கொள்கிறது. அவ்வளவுதான்.

அந்த வலையை எப்படிப் பார்ப்பது? இலத்திரன் நுணுக்குக்காட்டிக்குத் தயிரைக் காயவைக்க வேண்டும், அல்லது உறையவைக்க வேண்டும். அப்படிச் செய்தும் சின்ன மூலை ஒன்றுதான் தெரியும். சிதறல் முறையில் தயிர் தயிராகவே இருக்கும். கதிரை உள்ளே விட்டு, அது எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறுகிறது என்று எண்ணினால், கோடிக்கணக்கான உருண்டைகளின் சராசரி ஒரே வளைகோட்டில் வந்துவிடும்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. இதை வீட்டிலேயே செய்யலாம். ஒரு தலைமுடி வேண்டும். அம்மாவிடம் கேட்டேன். "ஆருக்கு மனே சூனியம் வைக்கப் போறாய்?" என்றார். மட்டக்களப்பில் முடி கேட்டால் வேறு என்ன நினைப்பார்கள்!

சிவப்பு லேசரின் முன்னால் முடியை நிறுத்தி, 2 மீற்றர் தள்ளியுள்ள சுவரில் ஒளியை விழவிடுங்கள். லேசரைக் கண்ணில் மட்டும் அடிக்கவேண்டாம். சுவரில் ஒளிக்கோடும் இடையிடையே இருட்டும் தெரியும். நடு ஒளிக்கு ஒரே பக்கத்தில் உள்ள பக்கத்துப் பக்கத்து இருட்டுகளின் இடைவெளியை அளவுகோலால் அளந்து, அலைநீளத்தையும் சுவர்த் தூரத்தையும் பெருக்கி, அந்த இடைவெளியால் வகுத்தால் முடியின் தடிப்பு வந்துவிடும். அலைநீளம் 650 நனோமீற்றர், முடி 70 மைக்ரோமீற்றர் என்றால், இடைவெளி ஏறக்குறைய 19 மில்லிமீற்றர். மைக்ரோமீற்றரை அடிமட்டத்தால் அளக்கிறோம் உறவுகளே, இதற்காவது ஒரு லைக் போடுங்கள்!

இன்னும் மெல்லிய முடியை வைத்தால் இடைவெளி கூடும். சின்னப் பொருள் ஒளியை அகலமாக விரிக்கும், பெரிய பொருள் நேர்கோட்டை ஒட்டியே விடும். சிதறலில் எல்லாம் இந்தத் தலைகீழ்க் கணக்குத்தான். பாடப்புத்தகங்கள் முதல் பக்கத்திலேயே சமன்பாட்டைக் காட்டிப் பிள்ளைகளை ஏன் வெருட்டுகின்றன என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இதே கணக்கைத் தயிருக்குப் போடுங்கள். எக்ஸ்-கதிரின் அலைநீளம் 0.1 நனோமீற்றர், உருண்டை 100 நனோமீற்றர். ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது 10 மீற்றர் போயும் கதிர் 1 சென்ரிமீற்றர்தான் விலகியிருக்கும். அதனால்தான் சிறுகோணச் சிதறல் கருவிகள் அவ்வளவு நீளம். பிரான்சின் கிரனோபிளில் இருக்கும் லாவே-லாஞ்சவின் நிலையத்தின் டி11 கருவியில், மாதிரிக்கும் உணரிக்கும் இடையில் ஏறக்குறைய 40 மீற்றர் வரை விடலாம். ஒரு கரண்டித் தயிருக்கு!

அங்கே போவது நியூத்திரன். எக்ஸ்-கதிர் இலத்திரன்களில் சிதறும், நியூத்திரன் அணுக்கருவில் சிதறும். சாதாரண ஐதரசனும் அதன் பார வடிவமான தியூத்தீரியமும் எக்ஸ்-கதிருக்கு ஒன்றுதான், நியூத்திரனுக்கோ சிதறும் வலிமையின் குறியே எதிரெதிர். ஆகவே தியூத்தீரியத்தால் ஆன பார நீரைக் கலந்து, தயிரில் உள்ள தண்ணீரின் பின்னணியை மாற்றலாம். கிட்டத்தட்ட 40 சதவீதம் பார நீர் சேர்த்தால் கேசீன் பின்னணியோடு ஒன்றாகி மறைந்து, கொழுப்பு மட்டும் தெரியும். பார நீர் மிகக் குறைவாக இருந்தால் கொழுப்பு மறைந்து, கேசீன் தெரியும். சூனியம் என்றால் இதைத்தான் சொல்லவேண்டும்.

வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல், இரசாயனவியல் படிப்பவர்கள் இதில் இறங்க கிரனோபிள் போய்த்தான் ஆகவேண்டும் என்றில்லை. சாஸ்வியூ என்ற மென்பொருள் இலவசம். கோளம், உருளை, தட்டு என்று ஒவ்வொரு வடிவமும் என்ன வளைகோடு தரும் என்று அதில் போட்டுப் பழகலாம். ஒரு எச்சரிக்கை: வெவ்வேறு வடிவங்கள் ஏறக்குறைய ஒரே வளைகோட்டைத் தரக்கூடும். கோடு பொருந்திவிட்டது என்று துள்ளிக் குதிக்கவேண்டாம். வேறு எந்த வடிவம் பொருந்தும் என்றும் தேடுங்கள்.

உங்கள் முடி எத்தனை மைக்ரோமீற்றர் வந்தது என்று கமென்டில் போடுங்கள். ஆற்றில் எடுத்த கலங்கல் தண்ணீரில் துகள்கள் ஆடும் வேகத்தை வைத்து அவற்றின் அளவைக் கண்டுபிடிக்கும் முறை அடுத்த வீடியோவில். சப்ஸ்கிரைப் பண்ணிவிட்டுப் போங்கள்.