பவர் பேங்க்கின் பொடி எழுத்து

நேயர்களுக்கு வணக்கம்.

பவர் பேங்க் வாங்கக் கடைக்குப் போனால், "பத்தாயிரமா, இருபதாயிரமா?" என்று கேட்பார்கள். பயப்பட வேண்டாம், அது விலை இல்லை. எம்ஏஎச் கணக்கு, அதாவது பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதற்கான மில்லி ஆம்பியர்-அவர் அளவு. நம் போன் பேட்டரி 5,000, அப்படியானால் பத்தாயிரத்தை வாங்கினால் ரெண்டு தடவை முழுசாக ஏறும் என்று நாமும் மனக்கணக்குப் போடுவோம். ஏறாது. ஒன்றரைத் தடவை ஏறினாலே நல்ல சரக்கு.

ஏன் என்று பவர் பேங்க்கைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். 10,000 எம்ஏஎச், 3.7 வோல்ட், 37 வாட்-அவர் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். வாட்-அவர் என்பது உள்ளே இருக்கும் மொத்த ஆற்றல். அந்தப் பத்தாயிரம், உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டுக்கான கணக்கு. சாதாரண யுஎஸ்பி வழியாக வெளியே வருவது 5 வோல்ட். 37-ஐ 5-ஆல் வகுத்தால் 7.4 ஆம்பியர்-அவர், அதாவது 7,400 எம்ஏஎச்தான். வோல்ட்டை ஏற்றும் சர்க்யூட் சூடாகி அதிலும் ஒரு பங்கைத் தின்றுவிடும். போனுக்குள் வோல்ட்டை மறுபடி இறக்கும்போது இன்னும் கொஞ்சம் போகும். அதனால் பெட்டிமேல் கொட்டை எழுத்தில் இருப்பதை விடுங்கள், வாட்-அவரைப் பாருங்கள். விமானத்தில் கேட்பதும் அதைத்தான்: 100 வாட்-அவர் வரை கைப்பையில் கொண்டுபோகலாம், செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது.

முதுகில் சோலார் தகடு ஒட்டிய பவர் பேங்க்கும் விற்கிறார்கள். உள்ளங்கை அளவுத் தகடு நல்ல வெயிலில் ஒரு வாட் சொச்சம் தரும். 37 வாட்-அவர் நிரம்ப மொட்டை மாடியில் ஒரு வாரம் காய வேண்டும். நான் வாங்கமாட்டேன்.

உண்மையான முன்னேற்றம் பேட்டரிக்குள்ளேதான் நடக்கிறது. 1991-இல் சோனி லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்புறம் பல ஆண்டுகளாக சார்ஜைப் பிடித்துவைக்கும் அதன் எதிர்மின் முனையில் (மைனஸ் பக்கம்) பெரும்பாலும் கிராஃபைட்தான். ஒரு கிராம் கிராஃபைட் அதிகபட்சம் 372 எம்ஏஎச் பிடிக்கும். அதே எடை சிலிக்கான் கிட்டத்தட்டப் பத்து மடங்கு பிடிக்கும். ஆனால் சார்ஜ் ஏறும்போது சிலிக்கான் மூன்று மடங்குக்கு மேல் உப்பும், இறங்கும்போது சுருங்கும். நாலு தடவை இப்படி ஆனால் விரிசல் விட்டு உதிர்ந்துவிடும். இப்போது நுண்துளைகள் கொண்ட கார்பனுக்குள் சிலிக்கானை அடைக்கிறார்கள், உப்புவதற்கு உள்ளேயே இடம் கிடைத்துவிடுகிறது. 2023-இல் சீனாவில் ஹானர் நிறுவனம் இதைப் போனில் போட்டது. இன்று போனின் தடிமன் கூடாமலே 7,000 எம்ஏஎச் போன்கள் நம் கடைகளிலும் கிடைக்கின்றன.

அப்படி ஒரு போன் கையில் இருந்தால் ஒரு நாள் பயணத்துக்குப் பவர் பேங்க்கை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பலாம். நன்றி, வணக்கம்.