கடலடி காலி மனை அல்ல

எல்லோருக்கும் வணக்கம். எரிவாயுக் குழாயைக் கடலுக்கு அடியில் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம், நிலம் எடுக்க வேண்டாம், வீடு இடிக்க வேண்டாம் என்று பலர் கேட்கிறார்கள். ஏதோ காலி மனையைப் பற்றிப் பேசுவது போல. அவர்களை ஒருமுறை பால்டிக் கடலைப் பார்க்கச் சொல்வேன்.

ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்கு நார்ட் ஸ்ட்ரீம் குழாய்கள் அந்தக் கடல் வழியாகத்தான் போகின்றன. 1,200 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், இரண்டு திட்டங்களில் மொத்தம் 4 குழாய்கள். பால்டிக் ஆழம் குறைந்த கடல், சராசரியாக 55 மீட்டர்தான். குறுகிய நீரிணைகள் வழியாகத்தான் வெளிக்கடலோடு தொடர்பு என்பதால், அதன் தண்ணீர் முழுதாக மாற ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகும். அங்கே கொட்டியது அங்கேயே நிற்கும்.

கொட்டியது கொஞ்சமா? உலகப் போர்களில் மிதக்கவிட்ட கண்ணிவெடிகள் பின்லாந்து வளைகுடாவின் அடியில் கிடக்கின்றன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் போர்ன்ஹோம் தீவுக்கு அருகே ஆயிரக்கணக்கான டன் ரசாயன ஆயுதங்களைக் கொண்டுபோய்த் தள்ளினார்கள். பிற்பாடு அந்த ஆயுதங்களிலிருந்த கடுகு வாயு என்ற நஞ்சின் கட்டிகள் வலையில் ஏறிவந்து, மீனவர்களின் கையைப் பொசுக்கியிருக்கின்றன.

இந்தத் தரையில் குழாய் போட வேண்டுமென்றால் முதலில் கண்ணிவெடிகளை அங்கேயே வெடிக்க வைக்க வேண்டும். தண்ணீருக்குள் சத்தம் வெகுதூரம் போகும். ஓங்கிலைப் போன்ற, அதைவிடச் சிறிய பார்ப்பஸ் என்ற உயிரினம் அங்கே இருக்கிறது. காதால்தான் அது இரை தேடும், வழி தேடும். பால்டிக்கின் நடுப்பகுதியில் மிஞ்சியிருப்பது சில நூறுதான். இரண்டாவது திட்டத்தில் வெடியைச் சுற்றிக் காற்றுக்குமிழித் திரை கட்டிச் சத்தத்தைக் குறைத்தார்கள். நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் குறைந்தது சத்தம் மட்டுமே. சேற்றில் படிந்திருந்த நஞ்சு கலங்குவதை எந்தத் திரையும் நிறுத்தாது. அப்புறம், ஜெர்மனியில் குழாய் கரையேறும் இடத்தருகே உள்ள கிரைப்ஸ்வால்ட் விரிகுடா, நம் மத்திக்கு உறவான ஹெர்ரிங் மீன் முட்டையிடும் இடம். அங்கேயும் தரையைத் தோண்டித்தான் ஆக வேண்டும்.

இதெல்லாம் குழாய் போடும் காலத்துக் கதை. என் மனதை அதிகம் உலுக்கியது அதற்குப் பின் நடந்ததுதான்.

2022 செப்டம்பர் 26. போர்ன்ஹோம் அருகே யாரோ குண்டு வைத்ததில் வெடிப்புகள். 4 குழாய்களில் 3 உடைந்தன. கடல்மட்டத்தில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குத் தண்ணீர் கொதிப்பது போலக் குமிழ்ந்தது. வெளியேறிய எரிவாயு, அதாவது மீத்தேன், சுமார் 4,65,000 டன் என்று பின்னர் கணக்கிட்டார்கள். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அன்று அந்தக் குழாய்கள் எதிலும் விநியோகமே இல்லை. முதல் திட்டத்தில் ஓட்டம் ஆகஸ்ட் கடைசியிலேயே நின்றுவிட்டது. இரண்டாவது திட்டம் 2021இல் கட்டி முடிந்தும் ஒரு வீட்டு அடுப்பைக்கூட ஏற்றவில்லை. ஆனாலும் உள்ளே அழுத்தத்தோடு வாயுவை நிரப்பி வைத்திருந்தார்கள். யாருக்கும் பயன்படாமலே அத்தனையும் காற்றில் கலந்தது. குழாய் சும்மா கிடந்தாலும் ஆபத்து சும்மா இருப்பதில்லை.

வெடிப்பு கிளப்பிய சேறு மட்டும் இரண்டரை லட்சம் டன் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் அது தண்ணீரில் மிதந்தது. அதில் ஈயம் இருந்தது, கப்பல் அடிப்பூச்சில் கலந்திருந்த நஞ்சும் இருந்தது.

சரி, குண்டு வைப்பது அபூர்வம்தானே என்பீர்கள். மறுவருடமே, 2023 அக்டோபரில், பின்லாந்துக்கும் எஸ்தோனியாவுக்கும் இடையிலான பால்டிக் கனெக்டர் குழாய் உடைந்தது. சேதமான இடத்துக்கு அருகே, கடலடியில் ஏதோ இழுபட்ட நீண்ட தடம் தெரிந்தது. அதைப் பின்தொடர்ந்து போனவர்களுக்குக் கிடைத்தது ஒரு கப்பலின் நங்கூரம். குழாயில் மறுபடி வாயு ஓட 2024 ஏப்ரல் ஆகிவிட்டது.